எள்ளி நகுதலும் உடன் நகுதலும்

குற்றமற்ற தலைவனும் தலைவியும் நம் மதிப்பைப் பெறுகின்றனர். குறையுடையோரோ நம் நெஞ்சையே பெற்றுவிடுகின்றனர். இஃது ஏன்? காதலும் நகையும் கலந்த கதைகளைப் பயில்வோர் எல்லார்க்கும் எழும் வினா இது. இதற்கு விடை தேடக் கலித்தொகையின் இரு பாடல்கள் போதும் என்பது என் எண்ணம். ஒன்று குறிஞ்சிக்கலியில் உள்ள 51ஆம் பாட்டு. கபிலர் பாடியது என்பது மரபு. மற்றொன்று மருதக்கலியில் உள்ள 94ஆம் பாட்டு. மருதனிளநாகனார் பாடியது என்பர்.

இவ்விரண்டையும் பல்லாண்டு தாண்டிச் சென்றவன் யான். முன்னதில் மகள் தாயிடம் பொய் சொல்கிறாள். பின்னதில் உடற்குறை நகைப்பொருளாகிறது. இவை மாலை வகுப்பில் இளைஞர்க்குச் சொல்லத் தகாதவை எனக் கருதினேன். கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் முதியோர் சிலர் கூடியிருந்தபோது, ஒரு நாள் துணிந்து இரண்டையும் படித்துப் பொருள் சொன்னேன். அன்றே என் கருத்து மாறியது.

பொய்க்குத் துணை நிற்றல்

முதற்பாட்டின் செய்தியைத் தமிழாசிரியர் நன்கறிவர். சிறு வயதில் மணல்வீட்டைக் காலால் சிதைத்தும், சூடிய கோதையைப் பறித்தும், பந்தைக் கவர்ந்தோடியும் தொல்லை தந்த பையன் வளர்ந்தபின் தண்ணீர் கேட்டு வருகிறான். கொடுக்கச் சென்றவளின் கையைப் பற்றுகிறான். அவள் அஞ்சித் தாயை அழைத்து அலறுகிறாள். தாய் ஓடி வந்ததும், தண்ணீர் விக்கினான் என்று மாற்றிச் சொல்லிவிடுகிறாள். தாய் அவன் முதுகை நீவிவிடுகிறாள். அவனோ கடைக்கண்ணால் அவளை நோக்கிச் சிரிக்கிறான்.

அவன் கையைப் பற்றியது தவறு. ஆசிரியர் இதை மழுப்பலாகாது. புலவரும் மழுப்பவில்லை, அவள் அலறலே அதற்குச் சான்றாகப் பாட்டில் நிற்கிறது. அவனைத் தண்டிக்கும் ஆற்றல் ஒரு கணம் அவள் நாவில் இருந்தது. அவள் அவனைக் காக்கத் துணிந்தாள். ஆணை அஞ்சிய பேதை அந்தக் கணத்தில் அவனைக் காப்பவள் ஆகிறாள். அவள் பொய்யைச் சுவையாக்குவது இம்மாற்றமே.

இன்னொன்றும் காண்க. பாட்டு முழுவதும் தோழியிடம் கூறுவதாக அமைந்தது. தாய் அறியாததை நாம் அறிகிறோம். எனவே தோழியின் இடத்தில் நாமே அமர்ந்துவிடுகிறோம். அறம் கூறும் நடுவர் இருக்கையில் நம்மைப் புலவர் அமர்த்தவே இல்லை. நாம் சிரித்த அக்கணமே அவள் பொய்க்கு உடந்தையானோம்.

மண்டபத்தில் இருந்த மூதாட்டி ஒருவர், கொழுந்து பறித்தே வாழ்நாளைக் கழித்தவர், இதனினும் ஒருபடி மேலே சென்றார். “அம்மாவுக்கு எல்லாம் தெரியும் ஐயா. தெரிஞ்சுதான் முதுகைத் தடவியிருக்கா,” என்றார். உரைகளில் யான் காணாத பொருள் இது. அப்படியாயின் பொய் சொன்னவள் ஒருத்தி அல்லள், இருவர்!

எள்ளியவர் நாணுதல்

இரண்டாம் பாட்டின் மாந்தர் அரண்மனை ஏவலர்: கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும். ஒருவர் குறையை ஒருவர் எள்ளிப் பேசியே காதலிக்கின்றனர். ஆமையைத் தூக்கி நிறுத்தியதுபோல் நடக்கிறான் என்கிறாள் அவள். அவள் கூனைச் சுட்டி அவன் விடை தருகிறான். கேட்போர் வாய்விட்டுச் சிரிப்பர்.

ஏவலரையும் தொழில் செய்வோரையும் ஐந்திணைக்குப் புறத்தே பாடலாம் என்பது தொல்காப்பியர் விதி. உழைப்போர் காதல் நகைக்கே உரியது போலும் என அதனைப் படித்தபோதெல்லாம் தோட்டத்துப் பிள்ளையாகிய என் மனம் நொந்ததுண்டு. ஆனால் இப்பாட்டின் முடிவைக் கருதுக. இனி ஒருவரை ஒருவர் நகுவதில்லை என இருவரும் அரசன் அடிமேல் ஆணையிடுகின்றனர். அரண்மனையார் கண்டு நகுவரே என அஞ்சிச் சோலைக்குச் செல்கின்றனர். அவர்கள் எள்ளலை விட்டுவிட்டார்கள். நாம் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் அஞ்சி ஒதுங்கிய அரண்மனையார் நாமே அல்லமோ?

அன்று மண்டபத்தில் தொடக்கத்தில் எழுந்த சிரிப்பு முடிவில் அடங்கியது. துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர், “பெரிய வீட்டு ஆளுங்க கண்ணுல படாம போகணும்னு நெனச்சாங்க பாருங்க ஐயா, அது எங்களுக்குத் தெரியும்,” என்றார். வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

தொல்காப்பியர் நகைக்குரிய களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைக் கூறினார். எள்ளலைப் பிறரை எள்ளித் தான் நகுதலும், பிறர் எள்ளத் தான் நகுதலும் என இரண்டாக்கினார் பேராசிரியர். இவ்விரு பாடல்களும் அதற்கும் அப்பால் நம்மை இட்டுச் செல்கின்றன. எள்ளத் தொடங்கியவனை உடன் நகுபவனாக்குகிறது ஒன்று. நாண வைக்கிறது மற்றொன்று. குறையுடைய மாந்தர் நம்மைக் கவர்வது அவர்தம் குறையால் அன்று. அதனைக் காணும் நம் கண்ணை அவர்கள் மாற்றிவிடுவதால்.

சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது இப்பாடல்களை விலக்கவில்லை. வகுப்பில் அவற்றை விலக்க நமக்கு ஏது உரிமை? யான் இனித் தாண்டிச் செல்லேன்.