முகம் உள்ளவர்களும் இல்லாதவர்களும்

போன மாசம் அக்கா மகளைக் கூட்டிக்கிட்டு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருந்தேன். ஓவியங்கள் இருக்கிற பகுதியில டிலனாய் சரணடையும் படத்துக்கு முன்னால அவ ரொம்ப நேரம் நின்னா. மன்னர் யாரு, வெள்ளைக்காரர் யாருன்னு சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, “மாமா, இதுல நம்ம ஆளு யாரு?”ன்னா. சட்டுன்னு பதில் வரல. இந்தக் குறிப்பு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியதுதான்.

முதலில் படத்தின் கதை. 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தோற்கடித்தது. பிடிபட்ட யூஸ்டாசியஸ் டிலனாய் பின்னர் மன்னரிடமே வேலைக்குச் சேர்ந்தார். திருவிதாங்கூர் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்து ‘வலிய கப்பித்தான்’ ஆனார். 1777-ல் இறந்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறையை இன்றும் பார்க்கலாம். லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு உண்டு. ஆக, தோற்றுப்போன அந்நியருக்கும் இங்கே படம் இருக்கிறது, கல்லறை இருக்கிறது, இரண்டு மொழியில் பெயரும் இருக்கிறது.

குளச்சல் பக்கம் இன்னொரு கதை சொல்லுவாங்க. கடற்கரை மக்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்களாம். தூரத்திலிருந்து பார்த்த டச்சுக்காரர்களுக்கு அது துப்பாக்கி ஏந்திய பெரும்படையாகத் தெரிந்ததாம். இது ஆவணமல்ல, வாய்மொழி. ஆனாலும் கவனியுங்கள்: அந்த ஊரின் நினைவில் துடுப்பு மிஞ்சியிருக்கிறது, துடுப்பைப் பிடித்தவரின் முகம் மிஞ்சவில்லை.

தோள்சீலைப் போராட்டத்துக்கு வந்தால் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகிறது. 1822-ல் கல்குளம், இரணியல் பகுதிகளில் தொடங்கி 1859 வரை விட்டுவிட்டு நடந்த போராட்டம் அது. ரவிக்கையும் மேலாடையும் அணிந்ததற்காக நாடார் பெண்கள் சந்தையிலும் வழியிலும் தாக்கப்பட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா மேலாடை அணியலாம் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பிலும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. மன்னருக்குப் படம் உண்டு. அவருக்கு நெருக்கடி கொடுத்த சென்னை கவர்னர் டிரெவெல்யனுக்கும் படம் உண்டு. அடி வாங்கிய பெண்களில் ஒருத்தியின் முகமும் நம்மிடம் இல்லை.

இல்லாத முகத்தை நாம் எப்படி நிரப்புகிறோம் என்பதில்தான் என் சண்டை. தோள்சீலைப் போராட்டம் பற்றி இணையத்தில் ஒரு கட்டுரையோ காணொளியோ வந்தால், மேலாடை இல்லாத பெண்களின் பழைய புகைப்படம் ஒன்று கூடவே வந்துவிடுகிறது. பெரும்பாலும் அது பிற்காலத்தில், வேறு எங்கோ, வேறு யாரையோ எடுத்த படம். இனவரைவியல் என்ற பெயரில் அப்படி எடுத்துத் தள்ளிய காலம் ஒன்று இருந்தது. எட்கர் தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். 1909-ல் ஏழு தொகுதிகளாக வந்த அவர் நூலில் படத்துக்குக் கீழே பெரும்பாலும் சாதியின் பெயர்தான் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. உடலை மூடும் உரிமைக்காகப் போராடியவர்களின் கதைக்கு, பெயரில்லாமல் திறந்து காட்டப்பட்ட இன்னொரு பெண்ணின் உடலை ஒட்டவைக்கிறோம். நல்ல நோக்கத்தோடுதான் செய்கிறோம், சரி. ஆனா, அன்னைக்கு சந்தையில துணியக் கிழிச்சவன் செஞ்சதுக்கும் இதுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?

அப்போ என்னதான் செய்யலாம்? ஆஸ்திரேலியாவில் ஒரு பதில் கிடைக்கிறது. அங்கும் குடியேறியவர்களுக்குத்தான் ஓவியக்கூடங்களில் முகம் இருந்தது. வின்சென்ட் நமட்ஜிரா என்ற பூர்வகுடி ஓவியர், இனவெறிக்கு எதிராகப் பேசிய கால்பந்து வீரர் ஆடம் குட்ஸைத் தன்னோடு சேர்த்து வரைந்து, 2020-ல் ஆர்ச்சிபால்ட் பரிசு பெற்றார். 1921-லிருந்து கொடுக்கப்படும் அந்தப் பரிசைப் பூர்வகுடி ஓவியர் ஒருவர் வென்றது அதுதான் முதல்முறை. அவருடைய இன்னொரு படைப்பில் பிரிட்டிஷ் ராணி, பெருமுதலாளி, பூர்வகுடி ஆளுமைகள் என்று 21 முகங்கள் பக்கத்து பக்கத்தில் இருக்கின்றன. எல்லாரும் அதே கோணல்மாணலான தூரிகையில். 2024-ல் ஒரு சுரங்க முதலாளி தன் படத்தை எடுக்கச் சொல்லிக் கேட்டது உலகச் செய்தியானது. படம் எடுக்கப்படவில்லை. யார் கையில் தூரிகை இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது புரிந்தது.

ஆனால் நமட்ஜிராவுக்கு வரைவதற்குப் பெயர்கள் இருக்கின்றன, முகங்கள் இருக்கின்றன. நமக்கு அதுவும் இல்லையே? அதற்கான பதில் நம்ம ஊரிலேயே இருக்கு. சுவாமித்தோப்பு.

அய்யா வைகுண்டர் 1809-ல் பிறந்தார். சாதிக் கொடுமையை எதிர்த்துப் பேசியதற்காகத் திருவனந்தபுரத்தில் சிறைவைக்கப்பட்டார். 1851-ல் மறைந்தார். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட ஆண்களைத் தலைப்பாகையோடு வழிபட வரச் சொன்னார். இன்றும் பதிக்குள் அப்படித்தான் போகிறார்கள். உள்ளே சிலை இல்லை, அவருடைய உருவப்படமும் இல்லை. விளக்குகளும் ஒரு நிலைக்கண்ணாடியும்தான். கும்பிடப் போகிறவர் பார்ப்பது தலைப்பாகை கட்டிய தன் முகத்தையே. இதற்கு ஆன்மிக விளக்கங்கள் உண்டு, அதைச் சொல்ல நான் ஆளில்லை. உருவப்படம் என்ற கலையை வைத்து மட்டும் சொல்கிறேன்: முகம் மறுக்கப்பட்ட மக்கள் தங்களுக்குச் செய்துகொண்ட மிகப் பெரிய உருவப்படம் அந்தக் கண்ணாடி.

அதனால், அந்தப் பெண்களின் முகம் கிடைக்காவிட்டால் அந்த இடத்தைக் காலியாகவே விடுவோம். ஊர் பெயரைப் போடுவோம், ஆண்டைப் போடுவோம். கடன் வாங்கிய உடல் வேண்டாம்.

அரண்மனையிலிருந்து திரும்பும்போது அவளை சுவாமித்தோப்புக்கும் கூட்டிப் போனேன். கண்ணாடி முன்னால கொஞ்ச நேரம் நின்னா. வெளியே வந்ததும் அந்தக் கேள்வியை அவ திரும்பக் கேட்கல.