பனியைத் தோண்டும் மக்கள்

நாட்காட்டிப் படங்களில் வெண்பனி போர்த்திய மலைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பனி வாரக்கணக்கில் விடாமல் பெய்து வீட்டுக் கூரைமேல் ஏறி அமர்ந்தால் என்ன ஆகும்? அதைச் சொல்லும் 'ஹொக்குஎட்சு செப்பு' என்ற நூல் 1837இல் ஜப்பானில் வெளிவந்தது. எழுதியவர், எச்சிகோ நாட்டுச் சியோசாவா ஊரின் துணி வணிகர் சுசுகி பொகுஷி. 1986இல் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளியாயிற்று.

அங்கு ஏன் இத்தனை பனி? சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று, ஜப்பான் கடலின் வெப்ப நீரோட்டத்தைக் கடக்கையில் நீராவியை வாரிக்கொள்கிறது. மலைகளில் மோதி மேலெழுந்து பனியாகக் கொட்டுகிறது. பொகுஷியோ வானின் ஆவியும் மண்ணின் ஆவியும் கலப்பதால் பனி உண்டாவதாக விளக்குகிறார். அக்காலத்தவரிடம் வேறு விளக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று.

நூலின் வலிமை வேறிடத்தில் உள்ளது. எங்கள் ஊரில் பனியைப் பெருக்குவதில்லை, தோண்டுகிறோம் என்கிறார் அவர். கணக்கிட்டுப் பாருங்கள். புதுப்பனி பஞ்சு போன்றது. ஒரு கன மீட்டர் 100 கிலோகூட இராது. நாள்பட அமுங்கினால் அதுவே ஏறக்குறைய 300 கிலோ. இரண்டு மீட்டர் தடிப்பில் கூரைமேல் கிடந்தால் சதுர மீட்டருக்கு 600 கிலோ! தோண்டாவிட்டால் வீடு நொறுங்கும்.

ஆனால் குறையும் உண்டு. 1834ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், முதற்பனி தொடங்கிப் பன்னிரண்டாம் மாதம் 25ஆம் நாள் வரை, ஒருவர் ஒவ்வொரு பொழிவையும் அளந்து கூட்டியதில் 18 ஜோ, அதாவது சுமார் 54 மீட்டர் வந்ததாம். இது தரையில் நின்ற உயரம் அன்று, பெய்தவற்றின் கூட்டுத்தொகை. அதே எச்சிகோவின் தகாடாவில் 1945இல் நின்ற பனியின் உயரம் 377 செ.மீ. கூட்டுத்தொகை என்றே கொண்டாலும், அமெரிக்காவின் பேக்கர் மலையில் 1998–99 பருவம் முழுவதும் பெய்து உலகச் சாதனையானது சுமார் 29 மீட்டர்தான். 54 மீட்டரை எப்படி நம்புவது? பொகுஷி தாமே அளக்கவில்லை. நண்பர் வாயிலாகக் கேட்டதை எழுதினார். நூலை அழகுசெய்யும் 35 பனிப்படிகப் படங்களும் தோயி தொஷித்சுராவின் 1832ஆம் ஆண்டு நூலிலிருந்து எடுத்தவையே.

எனினும் கூரைச் சுமை பழங்கதை அன்று. இன்றும் ஜப்பானில் குளிர்காலந்தோறும் கூரைப் பனியை அகற்றுகையில் தவறி விழுந்து இறப்போர் உண்டு, பெரும்பாலோர் முதியவர்கள். ஆகவே இந்நூலைப் படியுங்கள். அவர் கண்டதை நம்புங்கள். கேட்டதை அளந்து பாருங்கள்.