கவிதையும் காவற்கோட்டையும்: கனடிய விமர்சன மரபு பற்றிய ஒரு நோக்கு

ஒரு நாட்டின் இலக்கியத்திலே கவிஞன் முந்தியவனா, விமர்சகன் முந்தியவனா என்று வினவினால், கவிஞனே என்று எவரும் தயக்கமின்றி விடையிறுப்பர். கனடாவின் ஆங்கிலக் கவிதை வரலாற்றை நோக்குவோர்க்கு இவ்விடை அத்துணை எளிதாகத் தோன்றாது. தமக்கென ஒரு கவிதை உண்டா என்ற ஐயம் தீருமுன்னரே அதனை அளப்பதற்கு அளவுகோல் தேடியவர்கள் அங்கிருந்தனர். அவ்வாறு தேடியவர்களிற் பலர் தாமே கவிஞர்கள். பிற்காலத்தில் அவ்வளவுகோல் பேராசிரியர்களின் கைக்கு மாறிற்று. அம்மாற்றத்தாற் கவிதை பெற்றவை யாவை, இழந்தவை யாவை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கியூபெக்கின் பிரெஞ்சுக் கவிதை தனி வரலாறுடையதாகையால் அது இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

கனடிய நவீன கவிதையின் தொடக்கம் ஒரு மாணவர் சஞ்சிகையிலிருந்தது என்பது எம்போன்றோர் மனங்கொள்ளத்தக்கது. 1925ஆம் ஆண்டு மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஏ. ஜே. எம். ஸ்மித், எஃப். ஆர். ஸ்கொற் ஆகியோர் தம் நண்பர்களுடன் சேர்ந்து ‘மக்கில் ஃபோட்னைற்லி றிவியூ’ என்ற இதழைத் தொடக்கினர். அது 1927 வரையே வாழ்ந்தது. அக்காலத்திற் கனடியக் கவிதை என்று போற்றப்பட்டவற்றுட் பெரும்பகுதி, மேப்பிள் மரங்களையும் பனிவெளிகளையும் பாடிய நாட்டுப்பற்றுச் செய்யுளாகவே இருந்தது. 1921இல் நிறுவப்பெற்ற கனடிய எழுத்தாளர் சங்கம் அதனை விளம்பரப்படுத்தி வந்தது. இவ்விளைஞர்கள் அச்சங்கத்தை எள்ளி நகையாடினர். கனடாவுக்கு விமர்சனம் தேவை என்பதைத் தலைப்பிலேயே அறிவித்து ஸ்மித் எழுதிய கட்டுரை 1928இல் ‘கனேடியன் ஃபோறம்’ இதழில் வெளியாயிற்று. தாம் எழுத விரும்பிய கவிதைக்கு இடம்பிடிக்கும் பொருட்டே அவர் விமர்சகரானார் எனலாம்.

அவ்விடம் எளிதிற் கிடைத்துவிடவில்லை. ஆறு கவிஞர்களின் படைப்புகளைக் கொண்டு 1936இல் வெளிவந்த ‘நியூ புரொவின்சஸ்’ தொகுதி, முதலாண்டில் நூறு பிரதிகள்கூட விலைபோகவில்லை. அதற்கென ஸ்மித் எழுதிய கடுமையான முன்னுரை, பங்குகொண்ட கவிஞர்களுள் ஒருவரான ஈ. ஜே. பிறற்றின் ஆட்சேபத்தைத் தொடர்ந்து கைவிடப்பட்டது. அது அச்சேறியது 1965இலேயே. முன்னுரையொன்று கவிஞர்களையே அஞ்சவைக்கும் அளவுக்கு அன்று விமர்சனத்துக்கு வலு இருந்தது.

1943ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு மைல்கல்லாகும். ஸ்மித்தின் கனடியக் கவிதைத் தொகைநூலும், ஈ. கே. பிறவுணின் ‘கனடியக் கவிதை பற்றி’ என்ற விமர்சன நூலும் அவ்வாண்டே வெளிவந்தன. கவிஞர்களை நாட்டு வாழ்வைப் பாடியோர் எனவும், அனைத்துலக நோக்குடையோர் எனவும் ஸ்மித் இருகூறாக்கி, பிற்கூறியோரையே உயர்வாகக் கணித்தார். ‘ஃபேஸ்ற் ஸ்ரேற்மன்ற்’ என்ற சிறுசஞ்சிகையை நடத்திய ஜோன் சதர்லாந்து இப்பாகுபாட்டை வன்மையாக எதிர்த்தார். அனைத்துலக நோக்கு என்பது இங்கிலாந்தின் நிழலில் ஒதுங்குவதற்கு மற்றொரு பெயரே என்பது அவரது வாதத்தின் சாரம். இவ்விவாதத்தின் சிறப்பு யாதெனில், இருசாராரும் தம் கூற்றுக்குச் சான்றாகத் தம் காலத்துக் கவிதைகளையே முன்வைத்தனர் என்பதாகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறிற்று. 1951இல் மாசி ஆணைக்குழுவின் அறிக்கை வெளியாயிற்று. 1957இற் கலைகளுக்கு அரச நிதி வழங்கும் கனடாப் பேரவை அமைந்தது. 1959இல் ஜோர்ஜ் வூட்கொக்கை ஆசிரியராகக் கொண்டு ‘கனேடியன் லிற்றறேச்சர்’ என்ற ஆய்விதழ் தோன்றியது. இச்சூழலிலேயே நோத்றப் ஃபிறை (1912–1991) தலையாய விமர்சகராக மேலெழுந்தார்.

ஃபிறையை ஒருவராகவன்றி இருவராகக் காண்பது பொருத்தமென்பது எனது கருத்து. முதலாமவர் மதிப்புரையாளர். ரொறன்ரோப் பல்கலைக்கழகக் காலாண்டிதழில் 1950களில் ஆண்டுதோறும் வெளியான கவிதை நூல்களை அவர் ஒவ்வொன்றாகப் படித்து எழுதினார். சிற்றச்சகத்திலிருந்து வந்த மெல்லிய தொகுதிக்கும் அவரது மதிப்புரையில் இடமிருந்தது. இர்விங் லேற்றனின் முற்பட்ட தொகுதியொன்றைக் கடிந்தெழுதிய அவரே, சில ஆண்டுகளின் பின் லேற்றனைச் சிறந்த கவிஞராக ஏற்றுப் பாராட்டினார். கவிதை மாறியபோது விமர்சகரின் தீர்ப்பும் மாறியது. இது நேர்மையான விமர்சனத்தின் இயல்பாகும்.

இரண்டாமவர் கோட்பாட்டாளர். கார்ல் கிளிங்க் தலைமையில் 1965இல் வெளியான கனடிய இலக்கிய வரலாற்றுக்கு ஃபிறை எழுதிய முடிவுரை பெரும் செல்வாக்குப் பெற்றது. பரந்த காட்டின் நடுவே தனித்து வாழ்ந்த குடியேறிகள், புற உலகை அஞ்சித் தம்மைச் சுற்றி மதில் எழுப்பிக்கொண்டனர் என்றும், இக் ‘காவற்கோட்டை மனப்பாங்கு’ அவர்தம் இலக்கியத்திற் படிந்துள்ளது என்றும் அவர் விளக்கினார். கனடியனைக் குழப்புவது தான் யார் என்ற வினாவைவிடத் தான் நிற்கும் இடம் எது என்ற வினாவே என்றும் அவர் கருதினார். தர மதிப்பீட்டை முதன்மையாகக் கொண்டால் அத்தகைய வரலாற்று நூல் உருவாகியிருக்க முடியாது என்ற கருத்தும் அம்முடிவுரையில் உண்டு. பத்தாண்டுகள் ஒவ்வொரு நூலையும் எடைபோட்டவர் இங்கே தராசைக் கீழே வைத்துவிட்டார்.

ஃபிறை கற்பித்த விக்ரோறியாக் கல்லூரியின் மாணவியும் கவிஞருமான மார்கிறெற் அற்வூட் 1972இல் வெளியிட்ட ‘சேவைவல்’ என்ற நூல் இப்போக்கினைப் பொதுவாசகரிடம் கொண்டு சென்றது. உயிர்தப்பி எஞ்சுதலே கனடிய இலக்கியத்தின் மையப்பொருள் என்பது அதன் வாதம். இந்நூலின் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. தம் நாட்டு எழுத்தைப் பாடசாலையிற் படித்தறியாத ஒரு தலைமுறைக்கு, படிப்பதற்கான காரணத்தை அது வழங்கியது.

ஆயினும் அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. வன்கூவரில் 1961இல் ‘ரிஷ்’ என்ற கவிதைச் செய்தித்தாளைத் தொடக்கிய இளங்கவிஞர்களுள் ஒருவரான ஃபிராங் டேவி, 1976இல் வெளியான கட்டுரையில் இதனைத் தெளிவாகச் சுட்டினார். கருப்பொருளை மட்டும் நாடும் விமர்சனம் கவிதையைத் தேசிய குணவியல்பின் சான்றாவணமாக்கிவிடுகிறது; கவிதையின் மொழியும் உருவமும் கவனிப்பாரற்றுப் போகின்றன என்பது அவரது குற்றச்சாட்டு. இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு எமக்கு அந்நியமானவரல்லர். 1943இற் கொழும்பிலே பிறந்து, 1962இற் கனடா சென்ற மைக்கேல் ஒந்தாச்சியின் ‘பில்லி த கிட்’ பற்றிய நூல் 1970இல் வெளிவந்து மகாதேசாதிபதி பரிசினைப் பெற்றது. அதன் நாயகன் ஓர் அமெரிக்கக் கொள்ளைக்காரன். கவிதை, உரைநடை, புகைப்படம், கற்பனை நேர்காணல் ஆகியன அதில் விரவிக் கிடக்கின்றன. கனடியக் காடும் மதிலும் அதன் களமல்ல. கருப்பொருளைக் கொண்டு மட்டும் இந்நூலின் சிறப்பை விளக்கப் புகுவோர்க்கு எஞ்சுவது சிறிதே. அதனை விளங்க வேண்டுமெனின் அதன் துண்டங்கள் எவ்வாறு இணைகின்றன என்று பார்த்தேயாக வேண்டும்.

எனவே டேவியின் பக்கமே முற்றிலும் சரியென்று முடித்துவிடலாமா? அவ்வாறு முடிக்க என்னால் இயலவில்லை. டங்கன் கம்பல் ஸ்கொற் என்னும் கவிஞரே அதற்குக் காரணம். பிறவுண் தமது 1943ஆம் ஆண்டு நூலில் ஆசான்களாகப் போற்றிய மூவருள் இவர் ஒருவர். பூர்வீகக் குடிகளை மறைந்துவரும் இனமாகக் கண்டு இரங்கும் கவிதைகள் இவரது புகழுக்குப் பெருங்காரணமாயின. இதே மனிதர் 1913 முதல் 1932 வரை பூர்வீகக் குடிகள் விவகாரத் திணைக்களத்தின் உயர் நிருவாகியாக இருந்தவர். அக்குடிகளின் பிள்ளைகள் பாடசாலை செல்வதைக் கட்டாயமாக்கிய 1920ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இவரது காலத்திலேயே நிறைவேறியது. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பாடசாலைகளில் அடைக்கப்பட்ட அப்பிள்ளைகளின் துயரத்தை உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015ஆம் ஆண்டின் இறுதி அறிக்கையில் விரிவாகப் பதிவுசெய்தது.

கோட்டைக்குள் இருப்போரின் அச்சத்தை ஆராய்ந்த விமர்சனம், மதிலுக்கு வெளியே நின்றவர்களை இயற்கையின் ஒரு பகுதியாகவே பெரும்பாலும் கண்டது. மறுபுறம், உருவத்தையும் மொழியையும் மட்டும் நோக்குபவர் ஸ்கொற்றின் செய்யுளின் செப்பத்தைக் காண்பர்; அவரது அலுவலக மேசையைக் காணார். மறையும் இனமென்று பாடப்பட்ட மக்களிலிருந்தே மிக்மாக் குலத்தவரான றீற்றா ஜோ 1978இல் தம் முதற்கவிதைத் தொகுதியை வெளியிட்டார். தாமே விடுதிப் பாடசாலையிற் பயின்ற ஒருவர் கவிஞராக வந்து பேசியபோது, பழைய இரங்கற் பாடல்களை முன்போலப் படித்தல் இயலாததாயிற்று. அப்பாடல்களுக்கு மிகச் சிறந்த விமர்சனம் அவர் கவிதை எழுதியமையே.

கனடிய அனுபவத்திலிருந்து நாம் பெறக்கூடிய முடிபு இதுவே: விமர்சகன் கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு பேசிய வேளைகளில் அங்கு விமர்சனம் வளர்ந்தது, ஸ்மித்தும் சதர்லாந்தும் மோதியபோதும், ஃபிறை ஆண்டு மதிப்புரை எழுதியபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. கவிதைகளைவிட அவற்றைப் பற்றிய பொதுமை பெரிதாகியபோது, விமர்சனமே மற்றொரு காவற்கோட்டையாயிற்று. கோட்பாடு வேண்டாமென்பது இதன் பொருளன்று. கோட்பாட்டுக்கு அடங்காத ஒரு கவிதை கதவைத் தட்டும்போது எழுந்து திறப்பதற்கு விமர்சகன் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். அவ்வாறு தட்டுபவர் மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவராயின் அக்கடமை இருமடங்காகின்றது. விமர்சனத்தைப் பரீட்சைக்குரிய பாடமாகப் பயிலும் எமக்கு இது வேறெவரையும்விடப் பொருந்துமென்றே எண்ணுகின்றேன்.