வீடே பள்ளியா? யாருடைய வீடு?

"பள்ளிக்கூடம் எதற்கு? வீடு இருக்கிறது! பாடம் எதற்கு? விளையாட்டு இருக்கிறது! அடுக்களையும் தோட்டமும், கல்லும் மண்ணும், காக்கையும் குருவியும் கற்றுத் தராததையா ஓர் ஆசிரியர் கற்றுத் தந்துவிடப் போகிறார்?" இப்படியொரு குரல் இன்று நாட்டிலே கேட்கிறது. குரல் எழுப்புவோர் கல்லாதார் அல்லர், கற்றுத் தேர்ந்தோர். பட்டம் பெற்றோர், பட்டணத்துப் பணியில் அலுத்தோர், அலுத்தபின் ஊர்ப்புறத்தில் நிலம் வாங்கிக் குடியேறியோர். தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்பாது, விரும்பியதை விரும்பிய வேளையில் கற்கட்டும் என்று விட்டு வைக்கின்றனர். வீட்டிலே ஆசிரியரை அமர்த்திப் பள்ளிப் பாடத்தை நடத்துவது வேறு; இது வேறு. இங்கே பாடமே இல்லை. பள்ளி துறந்த கல்வி என்று இதற்குப் பெயரிடலாம்.

எள்ளி நகையாடி ஒதுக்கிவிடத் தக்க கருத்தன்று இது. எதையும் ஏன், எதற்கு, எப்படி என்று கேட்டுப் பழகிய தோழர்கள் இதனையும் அவ்வாறே கேட்டுப் பார்த்தல் வேண்டும். கேட்டுப் பார்த்தால் பாதி பொன், பாதி பித்தளை என்பது புலப்படும். எந்தப் பாதி எது என்பதில்தான் சிக்கல்!

இக்கருத்துக்கு ஏடு தந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான ஜான் ஹோல்ட். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். பாடநூலை விடக் குழந்தைகளின் முகங்களைக் கூர்ந்து படித்தவர். குழந்தைகள் தோற்பது எதனால் என்று ஆராய்ந்து 1964இல் ஒரு நூல் வெளியிட்டார். அறிவுக் குறைவால் அவர்கள் தோற்கவில்லை, அச்சத்தால் தோற்கின்றனர். விடையைத் தேடுவதை விட்டு, ஆசிரியர் எந்த விடையை விரும்புகிறார் என்று அவர் முகத்தைத் தேடுகின்றனர் என்று காட்டினார். 1967இல் வந்த மற்றொரு நூல், பள்ளி வாயிலையே மிதிக்காத சின்னஞ்சிறு குழந்தை எவ்வளவு கற்றுக்கொள்கிறது என்று வியந்து பேசிற்று. தாய்மொழியை விடக் கடினமான பாடம் உண்டோ? அதனை எந்தக் குழந்தைக்கு எந்த ஆசிரியர் இலக்கணம் கூறி ஊட்டினார்? மறுக்கவொண்ணா உண்மை! பள்ளிகளைத் திருத்தப் பாடுபட்டார் ஹோல்ட். அவை திருந்தக் காணாது மனம் கசந்தார். 1977இல், பள்ளியின்றி வளர்தல் என்று பொருள்படும் பெயரில் இதழொன்று தொடங்கி, குழந்தையை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார்.

ஈவான் இல்லிச் இன்னும் கடுமையானவர். சமுதாயத்தையே பள்ளியின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 1971இல் எழுதினார். பள்ளி கல்வியைத் தருவதாகச் சொல்லிச் சான்றிதழைத் தருகிறது. சான்றிதழ் இல்லாத ஏழையை, 'நான் தாழ்ந்தவன்' என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் செய்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. இலத்தீன் அமெரிக்க ஏழைகளைக் கண்டு எழுதியவர் அவர். நம் நாட்டுத் தேர்வுகளையும் பயிற்சிக் கூடங்களையும் கண்டிருந்தால் இன்னும் நான்கு அத்தியாயங்கள் சேர்த்திருப்பார்.

இவர்கள் வழியில் பேசுவோர், "மலைப்பிள்ளையைப் பாருங்கள்! அது கற்பதன்றோ கல்வி!" என்று கைகாட்டுவதும் வழக்கமாகிவிட்டது. நல்லது, மலைக்கே செல்வோம்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் 14 நாடுகள். நாடு என்றவுடன் கொடியும் கோட்டையும் எண்ண வேண்டா. சிற்றூர்கள் பல சேர்ந்த மலை ஊராட்சியே அங்கு நாடு. அவற்றுள் ஒன்று ஆலத்தூர் நாடு. வல்வில் ஓரியின் மலை என்று மேடைதோறும் முழங்குகிறோமே, அம்மலையில் இன்று வாழ்வோர் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைக் கண்டு கேரளத்தார் என்று மயங்குவோர் உண்டு. அவர்கள் பேசுவது தமிழே.

ஆலத்தூர் நாட்டில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று என்னென்ன கற்றிருக்கக் கூடும்? பாட்டி முறம் எடுத்துப் புடைக்கிறாள். பக்கத்தில் குந்தியிருக்கும் குழந்தை உமி எது, மணி எது, கல் எது என்று பிரிக்கிறது. சாமை வேறு, தினை வேறு, கேழ்வரகு வேறு. சாமை என்றாலும் ஒரே சாமையா? பெருஞ்சாமை, மல்லியச்சாமை, திரிகுலசாமை என்று வகை உண்டு. ஒப்பிட்டு வேறுபடுத்தி வகைப்படுத்துதல் என்று கல்வி நூலார் பெரும்பெயர் சூட்டிப் பேசுவது இதைத்தான். பலாவைத் தட்டி, ஓசையைக் கேட்டு, முற்றியதா இல்லையா என்று சொல்வதில் இயற்பியல் இருக்கிறது. படிக்கும் வள்ளத்துக்கும் தானியத்தை மாற்றி மாற்றி ஊற்றி விளையாடுகையில் கொள்ளளவு புரிகிறது. பல்லாங்குழியோ பெரிய பள்ளிக்கூடம்! இருபுறமும் ஏழேழாக 14 குழிகள் (மலைக்கும் 14 நாடுகள் என்பது தற்செயலே). முத்துகளை ஒவ்வொன்றாய் இட்டுச் செல்கையில் எண்ணல் வருகிறது. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே மனத்தில் ஓட்டிப் பார்க்கையில் கணக்கு வருகிறது. தோற்றால் அடுத்த ஆட்டம். தவறு செய்தோமே என்று நடுங்குவதில்லை, மதிப்பெண் தாளில் அப்பன் கையொப்பம் வாங்க வேண்டியதுமில்லை. ஹோல்ட் கேட்ட அச்சமற்ற கற்றல் இதுவே.

இந்த வயதில் எழுத்தைத் திணிக்காதே என்பதும் முறையான வாதமே. பின்லாந்தில் குழந்தை ஏழாம் வயதில்தான் முதல் வகுப்பில் காலடி வைக்கிறது. அந்நாட்டார் அறிவில் குறைந்துவிடவில்லை. இங்கோ? மூன்று வயதுக் குழந்தையின் பிஞ்சு விரலைப் பிடித்து நெல்லில் அழுத்தி எழுத வைத்தால் கலைமகள் நாவிலே வந்து குடியேறுவாள் என்பது பழைய மூடநம்பிக்கை. அதே குழந்தைக்குக் கழுத்துப்பட்டை கட்டி, 'பிரீ கேஜி' என்ற பெட்டியில் அடைத்து, பொருள் விளங்காத ஆங்கிலப் பாட்டை ஒப்பிக்க வைத்தால் மேதையாகிவிடுவான் என்பது புதிய மூடநம்பிக்கை. முன்னதற்குத் தட்சணை, பின்னதற்கு நன்கொடை! தொட்டுப் பார்த்து, சோதித்துப் பார்த்து, தவறித் திருந்தி அறிவது அறிவியலின் வழி. அந்த வழியில் நடக்கும் குழந்தையை அதட்டி நிறுத்துவோர் பகுத்தறிவின் பகைவர்.

ஆக, விளையாட்டே கல்வி என்ற பாதி பொன். வீடே போதும் என்ற பாதி?

யாருடைய வீடு என்பது எமது கேள்வி. மருத்துவர் வீட்டுக் குழந்தையின் கைக்கு எட்டும் தொலைவில் ஏடுகள் உண்டு, உலக உருண்டை உண்டு, கணினி உண்டு. கேள்வி கேட்டால் விடை கூற, விடை தெரியாவிடில் தேடித்தர, ஓய்வுள்ள தாய் உண்டு. கூலிக்குச் செல்வோர் வீட்டில் கைக்கு எட்டுவது மண்வெட்டியும் ஆட்டுக் கயிறும். இரு குழந்தைகளையும் விருப்பம்போல் தேடு என்று விட்டுவிடலாம். தேடினால் கிடைப்பது வீட்டில் இருப்பதுதானே! பெண் குழந்தையாயின் இன்னும் கேடு. தம்பியை இடுப்பில் ஏற்றி வைத்துவிட்டு, "நீ உன் விருப்பம்போல் உலகை ஆராய்ந்து வா, மகளே" என்றால் எங்கே போய் ஆராய்வாள்? அவளுடைய பொழுது அவளுக்குச் சொந்தமாகும் இடம் பள்ளி ஒன்றே. அதையும் துறக்கச் சொல்வதா?

தமிழகம் இதைப் போன்றதொரு குரலை முன்பும் கேட்டதுண்டு. 1953இல், ஆச்சாரியார் முதலமைச்சராயிருந்த காலத்தில், ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம், எஞ்சிய பொழுதில் பெற்றோரிடம் தொழில் பயிலலாம் என்றொரு திட்டம் வந்தது. வீடும் ஊருமே பள்ளி, வாழ்வே பாடம் என்ற இனிய சொற்களுக்கு அன்றும் பஞ்சமில்லை. நகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏனோ அந்த இனிமை வழங்கப்படவில்லை! குலக்கல்வி என்ற ஒரு சொல்லால் அத்திட்டத்தின் தோலை உரித்துக் காட்டிற்று இயக்கம். 1954இல் ஆச்சாரியார் விலகினார்; காமராசர் வந்தார்; திட்டம் போயிற்று.

ஹோல்ட்டைக் குலக்கல்விக்காரர் என்று கூறுவது பழிச்சொல். அவர் வேண்டியது குழந்தையின் விருப்பம். ஆச்சாரியார் திட்டம் விதித்தது தந்தையின் தொழில். நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. எனினும் மடுவில் கிடப்பவனுக்கு விளைவில் என்ன வேறுபாடு? கண்ணால் காணாத ஒன்றை அவன் எவ்வாறு விரும்புவான்? தொலைநோக்கியைக் கண்டிராத குழந்தை விண்மீன் ஆராய்ச்சியை விரும்பவில்லை என்று குறித்துக்கொண்டு, அதனை அக்குழந்தையின் சுதந்திரம் என்போமா? விதிக்காமலே விதித்ததாகிவிடும்.

கொல்லிமலையிலேயே சான்று காட்டலாம். சாமையும் தினையும் விளைந்த நிலத்தில் மரவள்ளி பரவிவிட்டது. கிழங்கு மலையிறங்கி நாமக்கல், சேலம் வட்டாரத்துச் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. அங்கே விலை எடைக்கு மட்டும் அன்று. கிழங்கிலுள்ள மாவுச்சத்துக்கும் சேர்த்துத்தான். அதனைப் 'பாயிண்ட்' என்பர். ஒரு பாயிண்ட்டுக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. 28 பாயிண்ட் என்றால் ஒரு விலை, 24 என்றால் வேறொரு விலை. அளக்கும் கருவியோ வாங்குவோன் கையில்! மண்ணைத் தொட்டே விளைச்சலின் தரத்தைச் சொல்லிவிடும் உழவர், சீட்டிலுள்ள எண்ணைப் படித்துப் பெருக்கிப் பார்க்க அறியாமல் நின்றால், அவருடைய மண்ணறிவு முழுவதும் அந்த வாயிலில் செல்லாக்காசாகிவிடுகிறது. மிளகுக்கும் பலாவுக்கும் குத்தகை பேசுவதாயினும், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி நிலத்துக்கு மனுச் செய்வதாயினும், பிள்ளைக்குப் பழங்குடிச் சான்று பெறுவதாயினும் எழுத்து வேண்டும், எண் வேண்டும். பல்லாங்குழியில் பிறந்த எண்ணறிவு பாயிண்ட் கணக்கு வரை வளர்ந்தாக வேண்டும். வீட்டில் எவரும் கற்றிராத கணக்கை வீடு எங்ஙனம் தரும்?

பட்டணத்துப் பிள்ளைக்கு இந்த இடர் இல்லை. பதினான்கு வயது வரை பட்டம் விட்டுத் திரிந்தாலும், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிந்து தேர்வெழுதிக் கரையேறிவிடுவான். தந்தையின் ஆங்கிலமும் பணமும் துணைக்கு வரும். அவன் பள்ளியைத் துறந்தது துறவு. இல்லாதவன் எதைத் துறப்பது?

இக்கருத்தினர் போற்றும் நூல்களுள் ஒன்று 'டோட்டோ-சான்'. ஜப்பானிய மொழியில் டெட்சுகோ குரோயானாகி எழுதி 1981இல் வெளிவந்தது, தமிழிலும் கிடைக்கிறது. ஒரு பள்ளி வெளியே தள்ளிய குறும்புக்காரச் சிறுமியை இன்னொரு பள்ளி அணைத்துக்கொண்ட கதை. தொடர்வண்டிப் பெட்டிகளே அங்கு வகுப்பறைகள். முதல் நாள், தலைமையாசிரியர் சோசாகு கோபயாஷி, அச்சிறுமி பேசித் தீர்க்கும் வரை மணிக்கணக்காக அமர்ந்து கேட்கிறார். இதனைக் கண்ணீர் மல்கப் படித்துவிட்டுப் பள்ளியே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவோரின் வாசிப்பு விந்தையானது. அந்நூல் பாடுவது ஒரு பள்ளியின் புகழையன்றோ! 1945இல் குண்டுவீச்சில் அப்பள்ளி தீப்பற்றி எரிகையில், அடுத்து எத்தகைய பள்ளி கட்டலாம் என்றே கோபயாஷி கேட்டதாக நூல் கூறுகிறது. குஜராத்தில் கிஜுபாய் பதேக்கா எழுதிய 'பகற்கனவு' நூலின் நாயகனும் பள்ளியை விட்டு ஓடவில்லை. நான்காம் வகுப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி, கதை சொல்லத் தொடங்குகிறான்.

கனவு என்று இதையும் ஒதுக்க வேண்டா. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. ஆந்திரத்து ரிஷிவேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென உருவான முறையைக் கண்டு வந்து செய்தது. குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்ந்தனர். ஆசிரியரும் பாயில் அமர்ந்தார். அட்டைகளை எடுத்து, அவரவர் வேகத்தில் ஏணிப்படிபோல் ஏறினர். சுவரின் அடியில், குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை! 2007-08இல் மாநிலமெங்கும் அது விரிந்தது. குறை இல்லாமல் இல்லை. அட்டையே இன்னொரு பாடநூலாகி உறைந்துபோன இடங்களும் உண்டு. பின்னர் 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. ஆனால் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைக் கவனிக்கும் சிறிய பள்ளிக்கு, அதாவது மலைப்பள்ளிக்கு, ஏற்ற வழி அரசுப் பள்ளியிலேயே முளைத்தது என்பதை மறக்கலாகாது.

எஞ்சியிருப்பது ஆறு வயதுக்கு முற்பட்ட குழந்தை. விளையாடிக் கற்க வேண்டிய வயது அதுதான். சட்டம் கைவிட்டதும் அந்த வயதைத்தான். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ளோர்க்கே உரிமை தந்தது. மூன்று முதல் ஆறு வயதுக்கென உள்ள 11ஆம் பிரிவு, முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. செய்யலாம்! செய்யாமலும் இருக்கலாம்! 1975இல் பிறந்த அங்கன்வாடித் திட்டத்தின் தலையில் அப்பொறுப்பு விழுந்தது. அங்குள்ள அம்மையாருக்கோ சத்துமாவு வழங்கல், எடை பார்த்தல், பதிவேடு எழுதல், கைப்பேசியில் விவரம் ஏற்றல் என்று பணி குவிந்து கிடக்கிறது. விளையாட்டு கடைசியில் நிற்கிறது. 2019இல் 2,381 மையங்களில் மழலையர் வகுப்பு தொடங்கினர். அவை நடுநிலைப் பள்ளி வளாகத்து மையங்கள். மலையில் தனித்து நிற்கும் சிற்றூரின் மையம் அந்தக் கணக்கில் வாராது.

ஆலத்தூர் நாட்டுக்கு வேண்டுவது பெரிய மாளிகை அன்று. மையத்தில் பல்லாங்குழிப் பலகையும் படியும் வள்ளமும் இருக்கட்டும். குழந்தைகளோடு விளையாடுவதற்கென்றே இரண்டாமவர் ஒருவரை அமர்த்தட்டும். முறமெடுத்துச் சாமை வகை காட்டும் பாட்டிக்கு வாரம் இருமுறை மதிப்பூதியம் கொடுத்து அழைக்கட்டும். அக்குழந்தை ஆறாம் வயதில் நடந்து செல்லும் தொலைவில் பள்ளி திறந்திருக்கட்டும். எண்ணிக்கை குறைவு என்று பூட்டப்படாதிருக்கட்டும். இவற்றுக்கு மனு எழுத முனையும் தோழர்கள், 11ஆம் பிரிவிலுள்ள 'செய்யலாம்' என்ற சொல்லை அடித்து, 'செய்தல் வேண்டும்' என்று எழுதக் கோருவதிலிருந்து தொடங்கலாம்.