கதிரை மாற்றும் நேரம்

யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தை அறிய அதன் கதிரைகளைப் பார்க்கவேண்டும். காலையில் நூல் வெளியீட்டுக்கு வரிசை கட்டியவை, மாலையில் பரத அரங்கேற்றத்துக்கு மேடையை நெருங்கி உட்காரும். இடையில் தரை கூட்டி, ஒலிவாங்கி சோதித்து, குத்துவிளக்குக்குத் திரி போடுகிறவர்களின் கைவேகம் எந்த அழைப்பிதழிலும் அச்சாவதில்லை. நன்றியுரையில்கூட 'மற்றும் அனைவருக்கும்' என்பதற்குள் அடங்கிவிடுவார்கள்.

கூட்டுறவாளர் வீரசிங்கத்தின் பெயர் தாங்கிய மண்டபத்துக்கு இதெல்லாம் பழகிய வேலை. ஆனால் ஒரு நாள் மட்டும் அப்படி முடியவில்லை. 1974 ஜனவரி 10ஆம் திகதி, உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவுநாள் கூட்டம் திறந்தவெளி அரங்கு கிடைக்காமல் இங்கே வந்தது. சனம் வீதிவரை நிரம்பியது. பொலிஸ் நடவடிக்கையில் உயிர்கள் போயின.

பொது நூலகத்துக்கு அருகே இந்திய நிதியில் எழுந்து, 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்ட பண்பாட்டு மையம் வேறு கணக்கு: 600 பேருக்கான அரங்கு, அருங்காட்சியகம், 11 மாடிக் கற்றல் கோபுரம். 2025இல் திருவள்ளுவர் பெயரைச் சூட்டியபோது 'யாழ்ப்பாணம்' விடுபட்டது. முணுமுணுப்பு எழ, ஊர்ப்பெயர் திரும்பி வந்தது. பெயர்ச் சிக்கல் தீர்ந்தாலும் செலவு தீராது: குளிரூட்டி, மின்தூக்கி, மின்கட்டணம் என்று கோபுரம் நாள்தோறும் தீனி கேட்கும்.

எந்த மண்டபமானாலும் என் கண் போவது முன்வரிசைக்குத்தான். பிந்தி வரும் பிரதம விருந்தினருக்காக ஒற்றைக் கதிரையைக் காத்துக்கொண்டு ஒரு பொடியன் அங்கே நிற்பான்.