கலப்படம் இல்லாத குற்றம்

'நோயைக் கட்ட வாயைக் கட்டு' என்கிற சொலவடைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மானாவாரிக் கரிசலில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் சாப்பாடாக இருந்து, நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே அடுப்பேறிய வீடுகளில், வாயைக் கட்டுவது ஒழுக்கம் அல்ல, வேறு வழியின்மை. குலுக்கையில் கிடக்கிற தானியம் அடுத்த வெள்ளாமை வரை தாங்கியாக வேண்டும். இன்று அதே வாசகம் கோவில்பட்டி கிளினிக்குகளில் கேட்கிறது. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற பெண்ணிடம் "சுகர் முந்நூறு இருக்கு, வாயக் கட்டணும் தாயி" என்கிறார்கள். அவள் தப்புச் செய்தவளைப் போலத் தலையைக் குனிந்துகொள்கிறாள். பற்றாக்குறை உருவாக்கிய ஒரு சொல், பண்டங்கள் குவிந்து கிடக்கிற காலத்தில் அவளைக் குற்றவாளியாகக் கட்டமைக்கிற சொல்லாடலாக மாறியிருக்கிறது. இதனால் யாருக்கு லாபம் என்பதே என் கேள்வி.

அமெரிக்காவில் இந்தச் சொல்லாடல் சட்டத்தின் தலைப்பாகவே ஆக இருந்தது. தங்கள் உடல் பருமனுக்கும் நோய்க்கும் மெக்டொனால்ட்ஸ் பொறுப்பு என்று 2002இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த இரு சிறுமிகள் தரப்பில் வழக்குப் போட்டார்கள். நீதிபதியின் பெயர் ராபர்ட் ஸ்வீட். (பெயர்ப் பொருத்தத்துக்கு நான் பொறுப்பல்ல.) இம்மாதிரி உணவை அளவுமீறித் தின்றால் உடம்புக்கு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்கிற அடிப்படையில் அவர் 2003இல் வழக்கைத் தள்ளினார். ஆனால் ஒரு சந்தைத் திறந்து வைத்தார். வீட்டுச் சமையலில் இல்லாத பொருள்களைச் சேர்த்து, கோழியைக் கோழியல்லாத வேறொன்றாக மாற்றியிருந்தால், அதன் ஆபத்து எல்லோருக்கும் தெரிந்தது என்று சொல்லிவிட முடியாது என்பது அவர் தீர்ப்பிலேயே இருக்கிற தர்க்கம். கம்பெனிகளுக்கு அந்தச் சந்து பொறுக்கவில்லை. 'உணவு உட்கொள்வதில் தனிமனிதப் பொறுப்புச் சட்டம்' என்ற மசோதா 2004இல் பிரதிநிதிகள் சபையில் 276க்கு 139 என்ற கணக்கில் நிறைவேறியது. செனட்டில் நிறைவேறவில்லை. ஆனால் பல மாநிலங்கள் அதே மாதிரியில் தத்தமக்குச் சட்டம் செய்துகொண்டன.

நம் ஊரில் அப்படித் தனிச்சட்டம் தேவைப்படவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளால் விளையும் கேட்டுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. எச்சரிக்காமல் விட்டதையும் குற்றமாகவே எண்ணுகிறது. நல்லது. ஆனால் அதன் 87ஆம் பிரிவு ஒரு விலக்கைச் செருகி வைத்திருக்கிறது: ஆபத்து வெளிப்படையானதாகவோ பொதுவாக அறியப்பட்டதாகவோ நுகர்வோர் அறிந்திருக்க வேண்டியதாகவோ இருந்தால், எச்சரிக்காததற்கு உற்பத்தியாளர் பொறுப்பில்லை. அறிந்திருந்தாள் என்பது வேறு, அறிந்திருக்க வேண்டும் என்பது வேறு. பின்னது ஒரு இலட்சிய வாசகியைப் புனைந்து, அந்தப் புனைவை வைத்து நிஜ வாசகியைத் தண்டிக்கிறது.

அவள் வாசிக்க வேண்டிய பிரதி எது? பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிற ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டின் பின்பக்கம். விதிப்படி அதில் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். தமிழ் கட்டாயமில்லை, இருந்தால் தடையுமில்லை. எழுத்தோ கடுகைவிடச் சின்னது. ஆசிரியன் இறந்தான், வாசகன் பிறந்தான் என்று ரோலான் பார்த் 1967இல் எழுதியது நம் சிறுபத்திரிகைகளுக்குப் பழக்கமான கதை. கம்பெனியும் அதையேதான் கொஞ்சம் திருத்திச் சொல்கிறது. பொறுப்பு என்று வரும்போது ஆசிரியன் செத்துவிடுகிறான், டிரேட்மார்க் என்று வரும்போது உயிரோடு எழுந்து வருகிறான். 2023 ஏப்ரலில் போர்ன்விட்டாவில் உள்ள சர்க்கரையைப் பற்றி வீடியோ போட்ட ஒரு இளைஞருக்கு வக்கீல் நோட்டீஸ் போயிற்று, அவரும் வீடியோவை எடுத்துவிட்டார். 'ஆரோக்கிய பானம்' என்ற வகை நம் உணவுச் சட்டத்தில் எங்குமே வரையறுக்கப்படவில்லை என்று சொல்லி, இணைய விற்பனைத் தளங்கள் அந்தத் தலைப்பிலிருந்து இத்தகைய பானங்களை எடுக்க வேண்டும் என வணிக அமைச்சகம் கேட்டுக்கொண்டதற்கு 2024 ஏப்ரல் ஆகிவிட்டது. அதுவரை அந்தச் சொல்லை நம்பி வாங்கி ஆற்றிக் கொடுத்த தாய்மார்கள் எதை 'அறிந்திருக்க வேண்டும்'?

இதைவிட ஆழமான சிக்கல் 'கலப்படம்' என்கிற கருத்தாக்கத்தில் இருப்பதாக நினைக்கிறேன். 1954இன் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் தொடங்கி நமது உணவு குறித்த பொதுப்புத்தி சுத்தம்/அசுத்தம் என்கிற எதிர்வில்தான் இயங்குகிறது. வெளியிலிருந்து ஏதோ ஒன்று உள்ளே புகுந்து தூயதைக் கெடுக்கிறது என்பதே அதன் குற்ற மாதிரி. தீட்டைப் பற்றிய சாதியச் சிந்தனையின் அமைப்பும் இதுவேதான். 1998இல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அங்கே குற்றம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால் கலப்படமே இல்லாத சர்க்கரை, கலப்படமே இல்லாத பாமாயில், கலப்படமே இல்லாத உப்பு மூன்றும் சேர்ந்து இருபது வருஷத்தில் செய்கிற வேலைக்கு இந்தச் சட்டமொழியில் சரியான பெயரில்லை.

மேகி விவகாரம் இதைத் துல்லியமாகக் காட்டியது. உத்தரப்பிரதேசத்தில் எடுத்த மாதிரியில் ஈயம் 17.2 பிபிஎம் என்று முடிவு வந்தது. அனுமதித்த அளவு 2.5. 2015 ஜூனில் நாடு முழுவதும் தடை. தமிழ்நாடும் தன் பங்குக்கு மூன்று மாதம் தடை போட்டது. ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றம், கம்பெனி தரப்பைக் கேட்கவில்லை, சோதித்த கூடங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்று தடையை ரத்து செய்தது. மத்திய அரசு மக்கள் சார்பில் சுமார் 640 கோடி ரூபாய் கேட்டு தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. 2024 ஏப்ரலில் அதுவும் தள்ளுபடி. ஒன்பது வருஷப் பேச்சின் பாரம் முழுக்க ஈயத்தின் மீதும் அஜினமோட்டோவின் மீதும் விழுந்தது, அதாவது அந்நியப் பொருளின் மீது. ஈயம் இல்லாத நூடுல்ஸ் நல்ல நூடுல்ஸ் என்றாகி, தடைக்காலம் முடிந்து வந்த பாக்கெட் முன்னைவிடப் புனிதமாகக் கடையேறியது.

இங்கே சிலர் 'பழையபடி கம்மங்கஞ்சி குடி, எல்லாம் சரியாப் போகும்' என்பார்கள். 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. கொண்டாடியதிலிருந்து இந்தக் குரல் கூடியிருக்கிறது. ரேஷன் அரிசி பசியை விரட்டியது என்பதை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. கரிசலின் அடையாளமாக 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலைமிட்டாயிலும் பாதி வெல்லம்தானே அண்ணாச்சி! வெல்லமும் இனிப்புதான்.

பாக்கெட் ஏன் ஜெயித்தது என்பதையும் கேட்க வேண்டும். தென்மாவட்ட டீக்கடைகளின் இரட்டைக் குவளையை அறிந்தவர்களுக்கு இது புரியும். யார் கைபட்டது, யாருக்கு எந்தக் கிளாஸ் என்ற விசாரணை எதுவும் பாக்கெட்டுக்குக் கிடையாது. எங்கோ ஒரு எந்திரம் ஒட்டியது, எல்லாத் தெருப் பிள்ளைக்கும் ஒரே ஐந்து ரூபாய். சேரியின் குழந்தை தலைநிமிர்ந்து கை நீட்டி வாங்கிய முதல் தின்பண்டங்களில் ஒன்று அது. அந்தப் பிள்ளையிடம் போய் 'ஏன் தின்றாய்' என்று கேட்கிற ஆரோக்கியவாதம் எனக்கு ஒவ்வவில்லை. சமத்துவத்தின் உறையில் நோயைப் போட்டு விற்றவனைத்தான் கேட்க வேண்டும்.

பாக்கெட்டின் முன்பக்கமே எச்சரிக்கை போடுவது பற்றிய முடிவை விரைவுபடுத்தும்படி 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் சொன்னது. வரட்டும். ஆனால் சிகரெட்டின் கதை நினைவிருக்க வேண்டும். அமெரிக்காவில் 1966இல் பெட்டியில் ஏறிய எச்சரிக்கை வாசகம், பின்னால் வந்த வழக்குகளில் கம்பெனிகளுக்கே கேடயமாயிற்று: 'எழுதித்தானே வைத்திருந்தோம், தெரிந்துதானே குடித்தாய்?' தனித்தனி மனிதர்கள் போட்ட வழக்குகள் பல பத்தாண்டுகள் தோற்றுக்கொண்டே இருந்தன. நிலைமை புரண்டது 1994இல் மிசிசிப்பி மாநில அரசு, புகையால் நோயுற்ற ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த செலவைத் தா என்று வழக்குப் போட்டபோது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1998இல் 46 மாநிலங்களோடு செய்த உடன்பாட்டில் கம்பெனிகள் 25 ஆண்டுகளில் சுமார் 20,600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. அரசு சிகரெட் குடிக்கவில்லை. 'நீ ஏன் வாயைக் கட்டவில்லை' என்று அதனிடம் கேட்க முடியவில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வந்தது. அந்தச் செலவுக்கு அரசிடம் கணக்கு இருக்கும். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு கம்பெனியிடம் போகிற சட்ட வழியை யோசிக்க ஒரு அட்வகேட் ஜெனரலுக்கு முடியாதா என்ன? முடியும். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து கேட்கிற முதல் கேள்வி டாஸ்மாக்கைப் பற்றியதாகத்தான் இருக்கும்.