இலத்திரனியல் வாக்கு இயந்திரமும் சாள்ஸ் ஸ்ருவேட்டின் ஆய்வு நோக்கும்

வாக்களிப்புக் கருவிகளை ஆராய்ந்த அமெரிக்க அரசறிவியலாளருள் சாள்ஸ் ஸ்ருவேட் முக்கியமானவர். 1985 இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் சேர்ந்த அவர், முதலில் வரவு செலவுத் திட்ட அரசியலையும் காங்கிரஸ் சபையின் வரலாற்றையுமே ஆராய்ந்தார். 2000 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலிற் புளோரிடாவின் துளையட்டைச் சீட்டுகள் தோற்றுவித்த நெருக்கடி அவரைத் திசைதிருப்பிற்று. அவ்வாண்டிறுதியில் அவரது நிறுவகமும் கலிபோர்னியாத் தொழினுட்ப நிறுவகமும் கூட்டாகத் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தில் அவர் இணைந்தார்.

அத்திட்டத்தின் அளவுகோல் ‘எஞ்சிய வாக்கு’ ஆகும். வாக்களிக்க வந்தோர் தொகைக்கும் சனாதிபதி பதவிக்கெனக் கணக்கில் ஏறிய வாக்குகளுக்கும் இடையிலான வேறுபாடே அது. 1988 முதல் 2000 வரையான தேர்தல்களை இவ்வாறு நோக்கிய 2001 ஆம் ஆண்டு அறிக்கை, இலத்திரனியல் இயந்திரம் துளையட்டையிலும் அதிகம் மேம்பட்டதன்று எனவும், ஒளிவருடி படிக்கும் கடதாசிச் சீட்டே மேலானது எனவும் கண்டது. புதியது என்பதனாலேயே ஒன்று முன்னேற்றமாகிவிடாது என எண்களால் நிறுவிய இப்பணியை நாம் மதிக்கின்றோம்.

ஆயின், அதே அறிக்கையின் இன்னொரு கணிப்பு மனங்கொள்ளத்தக்கது. 2000 இல் இழக்கப்பட்ட 40 முதல் 60 இலட்சம் வாக்குகளுள், கருவியாலும் குழப்பமான சீட்டாலும் போனவை 15 முதல் 20 இலட்சம். பதிவுக் கோளாறுகளாற் போனவையோ 15 முதல் 30 இலட்சம். 2002 ஆம் ஆண்டுச் சட்டம் வாக்காளர் இடாப்பையும் தொட்டதெனினும், பழைய கருவிகளை மாற்றவெனத் தனி நிதி வழங்கிற்று. பல மாநிலங்கள் தொடுதிரை இயந்திரங்களை வாங்கின. இயந்திரம் விற்பனைப் பண்டம். இடாப்பில் விடுபட்டவரின் உரிமைக்குச் சந்தை இல்லை.

2006 இல் புளோரிடாவின் சரசோற்றாவில் காங்கிரஸ் ஆசனமொன்றுக்கான போட்டியில் ஏறத்தாழ 18,000 வாக்குகள் வெறுமையாயின; வெற்றி வேறுபாடு 369 மட்டுமே. மென்பொருளின் மூலநிரலைப் பார்வையிடத் தோற்ற வேட்பாளர் கோரியபோது, வணிக இரகசியம் என நீதிமன்றம் மறுத்தது. வெறுமையான வாக்கை எஞ்சிய வாக்குக் கணக்குக் காட்டும். தவறான பெயரிற் பதியப்பட்ட வாக்கை அது காட்டாது. வாக்களிப்பு நிலையத்தை எட்டாதவரையும் அது அறியாது.

ஸ்ருவேட் பின்னர் வாக்காளர் வரிசைகளை ஆராய்ந்து, கறுப்பின மக்கள் வெள்ளையரிலும் நீண்ட நேரம் காத்திருப்பதை எடுத்துக்காட்டினார். அளவுகோலுக்கு வெளியே நின்ற சமுதாயம் இவ்வாறு அவரது ஆய்வினுள்ளும் புகுந்தது. இயந்திரம் சரியாக எண்ணுகின்றதா என்பது அவசியமான வினா. அது யாருடைய உடைமை, அதனை அணுகவிடாது தடுக்கப்பட்டோர் யாவர் என்ற வினாக்களோடு இணையும்போதே அவ்வினா முழுமை பெறும் என்பது நமது துணிபு.